வெள்ளைச் சட்டைக்காரரின் கிரில் பெட்டி

அவர் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கும். காரிமங்கலத்திலிருந்து தருமபுரி போகிற வழியில் ரோட்டோரமாகக் கிரில் சிக்கன் கடை வைத்திருப்பவர் என்பது மட்டும் போதும். அந்த வழியில் அப்படி எத்தனையோ கடை இருக்கிறது. யார் என்று தேடிக்கொண்டு போகவேண்டாம்.

நான் கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவன். டீக்கடை ஒற்றை அடுப்பு முதல் கல்யாண மண்டபத்துப் பெரிய அடுப்பு வரைக்கும் இந்த வட்டாரத்தில் என் கை படாத அடுப்பு குறைவு. இருபது வருஷமாக அடுப்புக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு மூக்கு மரத்துப்போயிருக்க வேண்டும். போகவில்லை. இந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

நேரில் பார்த்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவ்வளவு சுத்தமான மனுஷன். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. காலையில் ஒரு சட்டை, சாயங்காலம் ஒரு சட்டை. மற்றவர்கள் பேனா குத்துகிற பையில் அவர் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சானிடைசர் பாட்டில் வைத்திருப்பார். கொரோனா வந்தது, போனது, ஊரே மறந்துவிட்டது. அவர் மறக்கவில்லை. யாராவது கை கொடுத்தால் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கொடுப்பார். அந்த ஆள் முதுகைத் திருப்பினதும் பாட்டிலை எடுத்து இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொள்வார். எனக்கு அவர் கை கொடுத்ததே கிடையாது. ஸ்பானரை மேசை மேல் வைக்கப் போனால், "ஏம்பா மெக்கானிக், கீழ வையி, கீழ வையி" என்று பதறுவார், ஏதோ நான் செத்த எலியை வைக்கப் போவதுபோல.

அவர் வாயில் ஓயாமல் வருகிற வார்த்தை ஒன்று உண்டு. "மூடி வையி." வெங்காயத் தோல் கூடை நிறைந்து வழிந்தால், "மூடி வையி." கை கழுவுகிற தொட்டிக்குக் கீழே சாக்கடை அடைத்துக்கொண்டு நின்றால், "மேல ஒரு பலகையப் போட்டு மூடி வையி." கழுவு என்று சொல்ல மாட்டார். அள்ளிக் கொட்டு என்றும் சொல்ல மாட்டார். சொன்னால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டி வருமே. அழுக்கைக் கண்டால் அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு. பார்க்காவிட்டால் அது இல்லவே இல்லை என்று முடிவு பண்ணிக்கொள்கிற அருவருப்பு.

கிரில் பெட்டி எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத்துக்கு இரும்புப் பெட்டி, முன்பக்கம் கண்ணாடிக் கதவு. உள்ளே கம்பியில் கோத்த கோழிகள் சுற்றிக்கொண்டிருக்கும். பின்பக்கச் சுவரில் பர்னர்கள் வரிசையாக எரியும். கோழியிலிருந்து உருகிச் சொட்டுகிற கொழுப்பைப் பிடிக்க அடியில் ஒரு ட்ரே. மேசை டிராயர் மாதிரி அதை வெளியே இழுக்கலாம். கடை சாத்துவதற்கு முன்னால், பெட்டி ஆறினதும், அந்த ட்ரேயை இழுத்துக் கொழுப்பை ஒரு டப்பாவில் கொட்டிவிட்டு, சுடுதண்ணியும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். தினமும். இதற்கு ஐ.டி.ஐ. படித்திருக்க வேண்டியதில்லை. தேங்கின கொழுப்பு தீப்பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

அவர் கடைப் பெட்டியின் கண்ணாடியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலை சீவிக்கொள்ளலாம். எலுமிச்சைத் தோலும் பழைய பேப்பரும் வைத்து நாளைக்கு மூன்று தடவை துடைக்கச் சொல்வார். ரோட்டில் போகிற கார்க்காரன் அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் பிரேக் போடுவான்.

முதல் தடவை என்னைக் கூப்பிட்டது, தீ ஒரு பக்கம் மஞ்சளாக எரிகிறது என்று. தீ நீலமாக எரிந்தால் அடுப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் எங்கேயோ அடைப்பு. பர்னர் ஓட்டையில் ஊசி விட்டுக் குத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பழக்க தோஷம், முதலில் ட்ரேயில் கை வைத்தேன். வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, காலைப் பெட்டியில் முட்டுக்கொடுத்து இழுத்தேன்.

அய்யே. எப்படிச் சொல்ல? கறுத்துப்போன கொழுப்பு விளிம்பு வரைக்கும் உறைந்து கிடந்தது. அதில் எலும்புத் துண்டு, கரிந்த மசாலா, கால் பரப்பிக்கொண்டு கரப்பான்கள். ஒரு பல்லி. ஓரத்தில் ஏதோ வெள்ளையாக நெளிந்தது. அதற்கு மேல் நான் உற்றுப் பார்க்கவில்லை. வாசனை மூக்கில் ஏறினதும் எழுந்து ஓடிப் போய்க் கடைக்குப் பின்னால் புளியமரத்தடியில் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தால் மனுஷன் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு கல்லாப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"கருமம், அத எதுக்குப்பா வெளிய இழுத்த? உள்ள தள்ளு, உள்ள தள்ளு. மூடு."

"இது தீப்பிடிச்சா கடையோட போயிருமுங்க மொதலாளி."

"இத்தன நாளா புடிக்கலையே. பர்னர மட்டும் பாரு."

நான் பர்னரைத் தொடவில்லை. ட்ரேயைக் கழுவிக் காட்டினால்தான் வேலை என்று பையை எடுத்துவிட்டேன். கடையில் ஒரே ஆள்தான் அன்றைக்கு அசைந்தாள். கிரில்லில் நிற்கிற செல்வி. அவளே வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த ட்ரேயைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். பழைய தோசைக் கரண்டியால் அவள் சுரண்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

செல்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெட்டிக்கு ஓரடி தள்ளி நாள் முழுக்க நிற்கிறவள் அவள்தான். முதலாளி நிற்பது கல்லாவில், ஏ.சி.க்குக் கீழே. செல்விக்குப் பாலக்கோட்டுப் பக்கம். புருஷன் தக்காளி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர். தொழிலைப் பழகிக்கொண்டு பாலக்கோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் சொந்தமாகச் சின்னதாக ஒரு கிரில் வண்டி போடவேண்டும் என்பது அவள் ஆசை. அதனால் நான் போகும்போதெல்லாம் பக்கத்தில் குந்திக்கொண்டு கேள்வி கேட்பாள். சோப்பு நுரையைக் குழாயில் தடவி, குமிழி வந்தால் கேஸ் கசிகிறது என்று கண்டுபிடிப்பதைக் காட்டினேன். தீக்குச்சி வைத்துப் பார்க்கவே கூடாது என்றேன். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பற்ற வைக்க வேண்டும், மூடிக்கொண்டு பற்ற வைத்தால் உள்ளே தேங்கின கேஸ் முகத்தில் அடிக்கும் என்றேன். கொழுப்பில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, சிலிண்டரை அடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டித் தானே அணைந்துவிடும் என்றும் சொன்னேன். முதலாளியும் அங்கேதான் இருந்தார். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்தால் பெட்டி மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வழக்கம். "சர்வீஸ் செய்யப்பட்டது" என்று போட்டு, என் பேர், போன் நம்பர், தேதி எழுத ஒரு கட்டம். ட்ரேயைத் திறந்து பார்க்காமல் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அந்த முதல் நாளே அதைச் செல்வியிடம் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அவள் ட்ரேயைக் கழுவிக் கொண்டுவந்து, "இப்பப் பாத்து ஒட்டுங்கண்ணா" என்றாள். முகம் பார்க்கலாம் போலிருந்தது ட்ரே. பர்னரையும் குத்திச் சரிபண்ணிவிட்டு ஒட்டினேன். முதலாளிக்கும் ஸ்டிக்கர் பிடித்துப்போனது. "கண்ணாடில ஒட்டுப்பா, கஸ்டமருக்குத் தெரியட்டும்" என்றார்.

அத்தோடு திருந்திவிட்டார் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அடுத்த தடவை போனபோது ட்ரேயில் வெள்ளித்தாள் விரித்திருந்தது. பார்சல் மடிக்கிற அதே தாள். புதுசாகப் பளபளவென்று இருந்தது. பரவாயில்லையே என்று விரலால் அழுத்தினேன். மெத்தை மாதிரி உள்வாங்கியது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அதற்கடியில் கொழுப்பு, அதற்கடியில் இன்னொரு வெள்ளித்தாள், மறுபடி கொழுப்பு. தினமும் கழுவுவதற்குப் பதிலாகத் தினமும் ஒரு தாள்.

"என்னா செல்வி இது?" என்றேன்.

"நான் என்னாண்ணா பண்ணட்டும்? முன்னால கழுவுனா கஸ்டமர் பாக்கறாங்களாம். பின்னால கழுவுனா அவுரு கார் நிக்குதாம், நாத்தம் ஏறுதாம். கொழுப்ப டப்பால புடிச்சு வெச்சா அதப் பாத்தாலே வவுத்தப் பெரட்டுதாம். மேல தாளப் போட்டு மூடி வையிங்கறாரு. மீறிக் கழுவுனதுக்கு ஒரு வாரம் வேலைக்கு வராதன்னுட்டாரு."

இப்படிப்பட்டவர் அடுத்தவன் கடையில் எப்படி இருப்பார் தெரியுமா? அதை நான் ஒகேனக்கல்லில் பார்த்தேன். அங்கே ஒரு மீன் வறுவல் கடையில் அடுப்பைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். தன் சொந்தபந்தங்களோடு மனுஷன் வந்தார். மற்றவர்களெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் கரையில் பேப்பரை விரித்து, அதன் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார். பரிசலில் ஏறச் சொன்னபோதும் அதே பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போய் விரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். திரும்பி வந்து மீன் கேட்டார். கடைக்கார அம்மா சட்டியில் எண்ணெய் ஊற்றப் போனாள்.

"ஏம்மா, அந்தச் சட்டியக் கழுவினியா?"

"காத்தால கழுவுனதுங்க."

"என் கண்ணு முன்னால கழுவு."

கழுவினாள். திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கழுவச் சொன்னார். மூன்றாம் தடவையும் கழுவச் சொன்னார். அப்புறம் சட்டிக்கு வெளிப்பக்கம் இருந்த கரியைச் சுட்டிக்காட்டி, "த்தூ, இதுல மனுஷன் தின்னுவானா?" என்று எழுந்து போய்விட்டார். அந்தம்மா ஈரச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் கடை ட்ரேயில் மூஞ்சியை அழுத்த வேண்டும் போலிருந்தது. அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னை அவர் கவனிக்கவே இல்லை.

இன்னொன்று. அவர் தன் கடையில் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மத்தியானம் வீட்டிலிருந்து எவர்சில்வர் அடுக்கில் தயிர் சோறு வரும். "என்னாங்க மொதலாளி, நம்ம கோழிய நீங்க சாப்டறதில்லையா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "எனக்குக் கடைத் தீனி ஒத்துக்காதுப்பா." அப்போது எதிர் மேசையில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு உட்கார்ந்து எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தது. அங்கே நிற்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இவ்வளவு பேசுகிற நான் என்ன பண்ணினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் இவரைத் திட்டிக்கொண்டே போனால் நானும் ஒரு வெள்ளித்தாள் விரித்த மாதிரிதான்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது கூப்பிட்டார். பூஜைக்குள் பெட்டியைச் சரிபண்ணித் தரச் சொன்னார். போனேன். செல்வி இல்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு. ரப்பர் குழாய் வெடிப்பு விட்டிருந்தது, மாற்றினேன். சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், கசிவில்லை. பர்னர் ஓட்டைகளைக் குத்திவிட்டேன். தீ நீலமாக எரிந்தது. பாக்கி இருந்தது ட்ரே.

குனிந்தேன். புது வெள்ளித்தாள் பளபளவென்று இருந்தது. ஆனால் அந்த வாசனை வந்தது. புளியமரத்தடி ஞாபகம் வந்தது, வெள்ளையாக நெளிந்தது ஞாபகம் வந்தது. நீட்டின கையை இழுத்துக்கொண்டேன்.

"ட்ரேய வுடுப்பா" என்றார் அவர். "நாளானைக்கு செல்வி வந்து எல்லாத்தையும் கழுவிருவா. பூசைக்குக் கழுவாம இருப்பமா?"

பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே எழுந்தேன். எத்தனை தடவைதான் இந்த ஆளோடு மாரடிப்பது, எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அந்த நாற்றத்தை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. "ஸ்டிக்கர் ஒட்டலையாப்பா?" என்றார். சண்டை போடச் சக்தியில்லை. கட்டத்தில் தேதியைப் போட்டு, கண்ணாடியில் ஒட்டிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பூஜை அன்றைக்கு நடந்ததைச் செல்வி சொல்லித்தான் தெரியும்.

கடையைச் சோடித்திருந்தார்கள். பெட்டிக்கு இரண்டு பக்கமும் வாழைக் கன்று. கண்ணாடியிலும் சிலிண்டரிலும் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வைத்தாயிற்று. மத்தியானம் நல்ல நேரம் பார்த்து முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வெளியே சூடம் காட்டி முடிந்ததும், "நமக்குச் சோறு போடற எடம், உள்ளயும் ஒரு சூடம் ஏத்தும்மா" என்றார். தட்டு எங்கே என்று செல்வி தேடினாள். "தட்டு எதுக்கு? ட்ரேயே வெள்ளித் தட்டு மாதிரி இருக்குதே, அதுலயே வையி. நெறையா வையி."

இது நம் ஊரில்தான் நடக்கும். வருஷம் பூராவும் கழுவாத அடுப்புக்கு ஒரு நாள் பொட்டு வைத்து, சூடம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிற ஜனங்கள் நாம்.

செல்வி ஒரு கை சூடத்தை வெள்ளித்தாள் மேல் குவித்து ஏற்றினாள். எல்லாரும் கும்பிட்டார்கள். சூட்டில் அடியில் இருந்த கொழுப்பு இளகி, கம்பி குத்திக் கிழித்திருந்த ஓட்டை வழியாக மேலே வந்து பற்றிக்கொண்டது. முதலில் சூடம்தான் நன்றாக எரிகிறது என்று நினைத்தார்களாம். அப்புறம் ட்ரே முழுக்க எரிந்தது. வாழை இலை கருகியது. கறுப்புப் புகை கூரைக்கு ஏறியது.

செல்வி பயப்படவில்லை. நேராகப் பின்பக்கம் ஓடிச் சிலிண்டரை அடைத்தாள். அடைத்துவிட்டு ஓடி வந்து, கண்ணாடிக் கதவைச் சாத்தக் கை நீட்டினாள். சாத்தியிருந்தால் முடிந்திருக்கும்.

"செவுரெல்லாம் கரியாவுது! தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து!" என்று கத்திக்கொண்டு முதலாளியே பக்கெட்டைத் தூக்கினார். ஜென்மத்தில் ஒரு பாத்திரத்தைத் தூக்காத ஆள். சட்டையில் தெறிக்கக் கூடாதென்று பத்தடி தள்ளி நின்று, அங்கிருந்தே பெட்டிக்குள் வீசி ஊற்றினார். எரிகிற கொழுப்பு தண்ணீர் பட்டதும் வெடித்துக்கொண்டு வெளியே எகிறியது. கதவைப் பிடித்திருந்த செல்வியின் வலது கை, தோள், கழுத்து. ஆயுசு பூராவும் மூடி வையி, மூடி வையி என்ற மனுஷன், மூட வேண்டிய ஒரே ஒரு தடவை மூட விடவில்லை.

அவர் சட்டையில் ஒரு சொட்டுப் படவில்லையாம்.

செல்வி புருஷன் போன் பண்ணி நான் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது கட்டுப் பிரித்து மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். வார்டு வாசலில் வெள்ளைச் சட்டை நின்றிருந்தது. ஒரு கையில் கைக்குட்டை, மூக்கில். இன்னொரு கையில் ஆப்பிள் பை. உள்ளே காலை வைக்கவில்லை. நர்ஸ் துணியை எடுத்தபோது செல்வி கத்தினாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மெக்கானிக், அத மூடச் சொல்லுப்பா. பாக்க முடியல."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "நீங்க பண்ணது மொதலாளி. பாருங்க. நல்லாப் பாருங்க" என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். என் கைக்கரி அந்த வெள்ளைச் சட்டையில் அஞ்சு விரலும் பதிந்தது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். குழந்தை மாதிரி. பையை என் காலடியில் வைத்துவிட்டு, தோளைத் தட்டிக்கொண்டே மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். படியில் நின்று பாட்டிலை எடுத்துக் கை தேய்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். சீ, என்ன பிறப்பு.

ஆவேசம் அடங்காமல்தான் உள்ளே போனேன். செல்வி என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படுத்துக்கம்மா. அந்தாள சும்மா வுடக் கூடாது" என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வலியில் வார்த்தை விட்டு விட்டு வந்தது.

"நான் லீவு முடிஞ்சு பூசையன்னிக்குத்தான் வந்து பாத்தண்ணா. கண்ணாடில புது ஸ்டிக்கர் இருந்துது. அண்ணன் ட்ரேய இழுத்துப் பாக்காத ஒட்ட மாட்டாரு, சண்ட போட்டுக் கழுவ வெச்சிட்டுத்தான் போயிருப்பாருன்னு நெனச்சிக்கினேன். அதான் தைரியமா உள்ள சூடம் வெச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "இழுத்துப் பாத்தீங்களாண்ணா?"

பொய் சொல்லியிருக்கலாம். எல்லாம் எரிந்து போனது, அந்த ஆளைத் தவிர சாட்சி இல்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"பாக்கலம்மா. நாத்தம் தாங்காம வந்துட்டேன்."

அவள் புருஷன் என்னை நிமிர்ந்து பார்த்தார். செல்வி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அந்த ஆள்மேல் இருந்த அத்தனை அருவருப்பும் திரும்பி என்மேல் ஏறிக்கொண்டது. அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் தாளை விரித்தார், நான் அதன் மேல் ஸ்டிக்கரை ஒட்டினேன்.

அவர் கடை மறுபடி திறந்துவிட்டது. சுவரெல்லாம் வெள்ளையடித்து, புதுப் பெட்டி, புதுக் கண்ணாடி. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டார், ஊரில் அதற்கு நல்ல பேர்கூட வந்தது. இரண்டு மாசம் கழித்து எனக்கே போன் பண்ணினார், எதுவுமே நடக்காத மாதிரி.

"வேலையெல்லாம் ஒண்ணுமில்லப்பா. புது மெஷினு. ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக் குடுத்துட்டுப் போ. கஸ்டமருங்க கேக்கறாங்க."

"ட்ரேய நீங்களே இழுங்க மொதலாளி. உங்க கையாலயே கழுவி எனக்குக் காட்டுங்க. ஒட்டறேன்."

"அய்யே" என்றார். நான் ட்ரேயைக் கையில் கொடுத்துவிட்ட மாதிரி அப்படி ஒரு குரல். போனை வைத்துவிட்டார். இப்போதும் அந்த வழியாகப் போனால் வண்டியில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடந்து போகிறேன். கண்ணாடி தூரத்திலிருந்தே மின்னுகிறது.

போன மாசம் செல்வி போன் பண்ணினாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் என்னிடம் பேசினது அதுதான் முதல் தடவை. பாலக்கோட்டில் வண்டி போட்டுவிட்டாளாம். சின்னப் பெட்டி, இரண்டு பர்னர்தான். குழாய் மாட்டித் தர வேண்டும் என்றாள். கூப்பிட்டாளே என்று ஓடினேன்.

வலது கை முழங்கை வரைக்கும் தோல் இழுத்துக்கொண்டு பளபளவென்று இருந்தது. முழுசாக நீட்ட வரவில்லை. இடது கையால் மசாலா தடவிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு மறுபடி கோழிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் குழாயை மாட்டினேன். கிளாம்ப்பை முடுக்கினேன். சோப்பு நுரை தடவினபோது பக்கத்தில் வந்து குனிந்து, குமிழி வருகிறதா என்று அவளும் பார்த்தாள். கதவைத் திறந்து வைத்துப் பற்ற வைத்தேன். நீலமாக எரிந்தது. அணைத்தேன். எல்லாம் முடிந்தது என்று கை தன்னால் பைக்குள் போய் ஸ்டிக்கரை எடுத்தது.

"அது வேணாண்ணா" என்றாள்.

ஸ்டிக்கரை மறுபடி பைக்குள் போட்டேன்.

"ட்ரேய இழுத்துக் காட்டுங்க."

குந்தி உட்கார்ந்து இழுத்தேன். புது ட்ரே. இன்னும் ஒரு கோழிகூட அதன் மேல் சுற்றவில்லை, ஒரு சொட்டு விழவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ட்ரேயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதியிலயே நிறுத்திட்டீங்க. முழுசா இழுங்கண்ணா" என்றாள்.